கர்ப்ப காலத்தில் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. ஏழாம் மாதக் கர்ப்பம். கொஞ்ச நாளாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு நாளாக இடது கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலிக்கிறது. எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, வால்வில் லேசான கசிவு மட்டும் என்றார்கள். இப்போது காலுக்கு டாப்ளர் ஸ்கேனும், தேவைப்பட்டால் நெஞ்சுக்கு டை செலுத்தி சிடி ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். குழந்தைக்குக் கதிர்வீச்சு ஆகாது, பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் தடுக்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். டாப்ளர் ஸ்கேனை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது சகஜம்தான். உடலில் ஓடும் ரத்தத்தின் அளவே 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது, இதயமும் வேகமாகத் துடிக்கிறது. வால்வில் லேசான கசிவு தெரிவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது சகஜம் இல்லை. உங்கள் மருத்துவர் சந்தேகிப்பது சிரையில் ரத்தக்கட்டி. கர்ப்ப காலத்தில் ரத்தம் எளிதில் உறையும். அதோடு, இடது காலிலிருந்து ரத்தம் திரும்பும் சிரை, வலது காலுக்குப் போகும் தமனிக்கு அடியில் செல்கிறது. அங்கே அழுத்தம் ஏற்படுவதால்தான் கர்ப்பிணிகளுக்கு இடது காலில் கட்டி அதிகம் வருகிறது. அந்தக் கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போனால் தாயின் உயிருக்கே ஆபத்து. தாய்க்கு ஆக்சிஜன் குறைந்தால் குழந்தைக்கும் குறையும். எக்கோ நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் நுரையீரலில் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. கட்டி சிறியதாக இருந்தால் எக்கோவில் தெரியாமலே போகலாம்.

டாப்ளரும் எக்கோவைப் போல ஒலி அலையை வைத்து எடுப்பதுதான். அதில் கதிர்வீச்சே கிடையாது. காலில் கட்டி இருப்பது அதில் உறுதியானால், பெரும்பாலும் சிடி இல்லாமலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. உங்கள் மருத்துவர் டாப்ளரை முதலில் சொன்னது மிகச் சரியான வரிசை.

டாப்ளரில் ஒன்றும் தெரியாமல், சந்தேகம் மட்டும் நீடித்தால்தான் சிடி. வீட்டில் இருப்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். நெஞ்சுக்கு எடுக்கும் இந்த ஸ்கேனில் கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு பொதுவாக 0.01 முதல் 0.66 மில்லிகிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரைதான். எந்த ஸ்கேனும் எடுக்காவிட்டாலும், இயற்கையில் இருக்கும் கதிர்வீச்சே கர்ப்ப காலம் முழுவதிலும் கருவுக்குச் சுமார் அரை முதல் ஒரு மில்லிகிரே வரை சேர்ந்துவிடுகிறது. 50 மில்லிகிரேக்குக் கீழே ஊனமோ கருச்சிதைவோ வருவதாகக் காணப்படவில்லை. பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக மிகச் சிறிதளவு கூடலாம் என்று கணக்கிடுகிறார்கள். அதனால்தான் தேவையில்லாமல் எடுப்பதில்லை. உங்கள் விஷயத்தில் தேவை இருக்கிறது.

எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தால், சிடிக்குப் பதிலாக நுரையீரல் ரத்த ஓட்ட ஸ்கேனும் எடுக்கலாம். குழந்தையைப் பொறுத்தவரை இரண்டிலுமே கதிர்வீச்சு குறைவுதான். தாயின் மார்பகத்தில் படுவது சிடியில் அதிகம். எந்த வசதி உடனே கிடைக்கிறதோ, அதை மருத்துவரே முடிவு செய்யட்டும். 'எம்ஆர்ஐ எடுத்தால் கதிர்வீச்சே இல்லையே' என்று பலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் நுரையீரலில் ரத்தக்கட்டியைத் தேட அது முதல் தேர்வு இல்லை. அதில் செலுத்தும் கடோலினியம் மருந்தையும் கர்ப்பத்தில் முடிந்தவரை தவிர்க்கிறோம்.

சிடிக்குப் போடும் டை அயோடின் கலந்தது. அவசியமானால் கர்ப்பத்திலும் போடலாம். பிறந்ததும் குழந்தைக்குத் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது எல்லாக் குழந்தைகளுக்குமே செய்ய வேண்டியதுதான். முன்பு டை போட்டு அலர்ஜி வந்திருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ ஸ்கேன் அறையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயிற்றின் மேல் ஈயக் கவசம் போடவில்லையே என்று அங்கே கவலைப்படாதீர்கள். கருவை எட்டும் கொஞ்சக் கதிர்வீச்சும் பெரும்பாலும் உங்கள் உடலுக்குள்ளேயே சிதறி வருவது. கவசத்தால் அதைத் தடுக்க முடியாது.

அப்புறம், நெடுநேரம் மல்லாந்து படுக்க வேண்டாம். கருப்பை பெரிய சிரையை அழுத்தி மயக்கம் வரலாம். ஸ்கேன் மேசையில் அப்படித் தோன்றினால் உடனே சொல்லுங்கள், இடது பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்கவைப்பார்கள்.