தோள்பை யார் தோளில்?

கேள்வி: என் கணவர் ஓய்வுபெற்ற ஆயர், சபையார் 'ஐயர்' என்பார்கள். 36 ஆண்டு ஊழியம். ஜெர்மனியில் ஒரு சபையார் அழைத்திருக்கிறார்கள். மே மாதம் போய் 70 நாள் தங்கி, சபைகளில் சாட்சி சொல்லி, ஹாலே, மார்ட்டின் லூத்தர் வாழ்ந்த விட்டன்பர்க் எல்லாம் பார்க்கப் போகிறோம். எத்தனை ஸ்வெட்டர் வேண்டும்? என்ன பரிசு கொண்டுபோகலாம்? அவர் இன்சுலின் போடுகிறவர். பாஸ்போர்ட், பணம், மருந்து எல்லாம் அவர் தோள்பையில்தான். எனக்கு ஒன்றும் தெரியாது, அவரோடுதானே போகிறேன்.
- ஓர் ஐயரம்மா, பொறையாறு

பதில்: ஸ்வெட்டர் ஆளுக்கு ஒன்று, மழைக்கோட்டு ஒன்று. பரிசுக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, கனமில்லை. பால்கோவாவும் நெய்யும் வேண்டாம். பால் பொருளை ஐரோப்பிய எல்லையில் பிடுங்கிவிடுவார்கள், கறிவேப்பிலைக் கொத்தையும் சேர்த்து.

'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதைப் பெருமைபோல எழுதியிருக்கிறீர்களே, அம்மா! லைப்சிக் ஸ்டேஷனில் ஹாலே ரயிலுக்கு நிற்கும்போது ஐயருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் என்ன செய்வீர்கள்? அது சர்க்கரை இறங்குவது. அவரைக் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பார். அந்த நேரத்தில் அவர் புத்தி அவரிடம் இருக்காது. மருந்து, பணம், பாஸ்போர்ட் எல்லாம் அவர் தோளில். நீங்கள் ஊரே பார்க்க அழுதுகொண்டு நிற்பீர்கள். புருஷனை நம்புவது வேறு, எல்லாச் சுமையையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருப்பது வேறு. எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்ளும் ஐயரையும் நான் விடமாட்டேன். அவ்வளவு காலம் சபையை நடத்தியவருக்கு வீட்டில் ஓர் ஆளைப் பழக்கத் தெரியவில்லையா?

இதைப் படித்துக்கொள்ளுங்கள். சுகர் 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது அரை டம்ளர் பழச்சாறு. 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். ஏறவில்லையென்றால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு இரண்டு துண்டு ரொட்டி. நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், அங்கே அவசர எண் 112, அதற்குப் போன் போடுங்கள்.

இன்சுலினைப் பெட்டியில் போட்டு விமானச் சரக்கறைக்கு அனுப்பினால் உறைந்து கெடலாம். கையில்தான் வர வேண்டும். அதிலும் பாதி உங்கள் பையில். மருந்துச் சீட்டு, கம்பெனிப் பெயர் மட்டுமல்ல, மருந்தின் மூலப்பெயரோடு, ஆங்கிலத்தில், இரண்டு நகல். மே மாதத்தில் அங்கே கடிகாரம் நமக்கு மூன்றரை மணி பின்னால் ஓடும். புறப்படும் நாள் அவ்வளவு நீளும், அன்று ஊசி எப்போது, எவ்வளவு என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். ஆனால் பழைய நோய்க்கு அது பணம் தருமா என்பதை யாரும் படிப்பதில்லை, நீங்கள் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை பெரும்பாலும் அடைப்பு, முறைக்கு ஒன்றுதான் திறந்திருக்கும்.

ஐக்கிய விருந்தில்தான் அதிகம் தவறு நடக்கும். 'சாப்பிடலாம்' என்றதும் ஐயர் ஊசி போட்டுக்கொள்வார். பிறகு பாட்டு, அறிமுகம், ஜெபம். நம் ஜெபத்தின் நீளம் தெரியாதா? சாப்பாடு மேஜைக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசி.

ஹாலேயில் பிராங்கே நிறுவனங்களுக்கு, அதாவது பிராங்கே ஐயர் தொடங்கிய பழைய அநாதை இல்லம், பள்ளிகளுக்கு, ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள். 1706-இல் உங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் படித்த ஊர் அது. இங்கிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் அங்கே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அதே நாளில் விட்டன்பர்க்கையும் சேர்க்காதீர்கள், கல் பாவிய தெருவில் முழங்கால் தாங்காது.

இன்று மாலையே அந்தத் தோள்பையை மேஜைமேல் கொட்டுங்கள். ஐயரை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் எடுத்து எது, எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'நான் பார்த்துக்கிறேன்' என்று அவர் ஆரம்பித்தால், டிக்கெட்டை ரத்து செய்ய இன்னும் நேரமிருக்கிறது என்று சொல்லுங்கள்.