பாதி விலைக் கூப்பனில் மசாஜுக்கு வந்தவர்கள் ஏன் திரும்பி வருவதில்லை?

கூப்பனை நிறுத்திவிட்டு, முதன்முறை வந்தவர் படியிறங்கும் முன்பே அடுத்த வருகைக்கான நாளையும் நேரத்தையும் குறித்துக் கொடுங்கள். உங்கள் மசாஜ் நிலையத்துக்குக் கூப்பனில் வந்த நாற்பது பேரில் மூவரே திரும்பினர் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு உங்கள் கைத்திறனைவிட, மறுபடி எப்போது வரவேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லாததே காரணமாக இருக்கலாம்.

கழுத்து இறுகி வந்தவர் காசு கொடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில், "இடது தோள் இன்னும் முழுதாகத் தளரவில்லை; இரண்டு வாரம் கழித்து வியாழன் மாலை ஆறு மணி சரிப்படுமா?" என்று கேளுங்கள். பொதுவாக "மறுபடி வாருங்கள்" என்று சொல்வதற்கு இந்த வலு கிடையாது.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். கடந்த மூன்று மாதப் பதிவேட்டில் கூப்பனில் வந்தவர்களையும், தெரிந்தவர் சொல்லி வந்தவர்களையும் தனித்தனியே பிரித்து, ஆறு வாரத்துக்குள் திரும்பியவர்களை எண்ணுங்கள். இரண்டாம் வகையினரும் திரும்பவில்லையென்றால் கோளாறு கூப்பனில் இல்லை. அழுத்தம் போதுமா என்று நடுவில் கேட்கிறீர்களா, அறைக்குள் தெருச் சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கூகுள் மதிப்புரைக்குத் தள்ளுபடி தராதீர்கள்; அது கூகுளின் விதிக்குப் புறம்பானது. உங்கள் எண்ணெய் பக்கவாதத்தைக் குணப்படுத்தும் என்றும் பலகையில் எழுத வேண்டாம்: இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய மருந்து விளம்பரங்களைத் தடை செய்கிறது. காலில் வீக்கத்தோடும் சூட்டோடும் வருபவரை, வருமானம் போனாலும், மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.