மெக்சிகோ சிட்டில ஒரு நாள் லீவு, ஆஸ்டெக் பார்க்க எங்க போகலாம்?

கேள்வி: ஆபீஸ் வேலையா மெக்சிகோ சிட்டி போறேன், நடுவுல ஒரே ஒரு நாள் ஃப்ரீ. ஆஸ்டெக் ராஜ்ஜியம் எப்படி வளர்ந்துச்சு எப்படி அழிஞ்சுதுன்னு புரியணும். தியோதிவாக்கான் பிரமிடுக்கு டூர் புக் பண்ணலாமா?

பண்ணாதீங்க. பிரமிடு பிரமாதம்தான், ஆனா அது ஆஸ்டெக் கட்டினதே இல்ல, அவங்க வர்றதுக்கு பல நூறு வருஷம் முன்னாடியே பாழடைஞ்ச ஊரு, பேரு மட்டும்தான் அவங்க வச்சது.

அவங்க தலைநகரம் தெனோச்டிட்லான் நீங்க தங்கப்போற ஊருக்கு அடியிலயே கிடக்கு. 1325-ல ஏரி நடுவுல ஒரு சேத்துத் தீவுல குடியேறி, பக்கத்து ராஜாவுக்கு கப்பம் கட்டிட்டு இருந்தவங்க, 1428-ல இன்னும் ரெண்டு ஊரோட கூட்டு சேர்ந்து அந்த ராஜாவையே கவுத்துட்டு சுத்துப்பட்டுல எல்லார்கிட்டயும் கப்பம் வாங்க ஆரம்பிச்சாங்க.

காலைலயே ஊரு நடு சதுக்கம் சோகலோ பக்கத்துல இருக்கிற ஆஸ்டெக் பெரிய கோயில் டெம்ப்லோ மயோர் போயிடுங்க (திங்கக்கிழமை லீவு). 1978-ல கரண்ட் கம்பெனி ஆளுங்க பள்ளம் தோண்டும்போது, தலை கை கால் எல்லாம் தனித்தனியா வெட்டுப்பட்ட ஒரு பெண் தெய்வம் செதுக்கின வட்டக்கல் கிடைச்சுது, மூணு மீட்டருக்கு மேல அகலம், அப்புறம்தான் பெருசா தோண்டினாங்க. பழைய கோயில இடிக்காம அது மேலயே, சட்டை மேல சட்டை போட்ட மாதிரி, இன்னும் பெருசா கட்டியிருக்காங்க, உள்ள நடந்தா அந்த அடுக்கெல்லாம் வரிசையா தெரியும். வளர்ச்சி புரிய இத விட நல்ல இடம் கிடையாது.

அடுத்து மெட்ரோல ஹிடால்கோ மாறி ட்லாடெலோல்கோ. ஸ்பானியர்களோட நடந்த கடைசி சண்டை இங்கதான், 1521 ஆகஸ்ட் 13. சில நூறு ஸ்பானியர்கள் தனியா ஜெயிச்சாங்கன்னு கைடு கதை விட்டா தலைய மட்டும் ஆட்டிட்டு வந்துடுங்க, ஸ்பானிய தளபதி கோர்டெஸ் பின்னாடி ட்லாஸ்கலா மாதிரி ஆஸ்டெக் மேல கடுப்புல இருந்த ஊர்க்காரங்க ஆயிரக்கணக்குல நின்னாங்க, 1520-லயே பெரியம்மை வந்து புது ராஜா குயிட்லாவாக் பதவியேத்து மூணு மாசம் கூட தாண்டல, அதுக்கு மேல நல்ல தண்ணி வர்ற கால்வாயையும் வெட்டிட்டு 13 படகு விட்டு ஏரியையும் அடைச்சுட்டாங்க. ஏரி நடுவுல இருந்துக்கிட்டு குடிக்கத் தண்ணி இல்ல! அங்க இருக்கிற சர்ச் சுவர தொட்டுப் பாருங்க, இடிச்ச கோயில் கல்லுதான்.

நேரம் இருந்தா சோச்சிமில்கோ போங்க, ஏரிச் சேற அள்ளி மேடாக்கின சினாம்பா தோட்டத்துல இன்னும் வெள்ளாமை நடக்குது, மேளதாள படகு வேணாம், தோட்டம் காட்டுற படகா கேளுங்க. போற வழில பினோ சுவாரெஸ் ஸ்டேஷன்ல இறங்கி பாருங்க, லைன் மாறுற இடத்துல நடுவுலயே மெட்ரோ தோண்டும்போது கிடைச்ச ஒரு சின்ன காத்து சாமி கோயில் இருக்கு, ஜனங்க திரும்பிக்கூட பாக்காம ஓடிட்டு இருப்பாங்க.