உலோகத் தகட்டில் வரலாற்று முகங்கள்: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: வரவேற்பறையில் மாட்ட, டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் சுய உருவப்படம் ஒன்றை மெட்டல் பிரிண்டாக (உலோகத் தகட்டில் அச்சிட்ட படமாக) வாங்க நினைக்கிறேன். ஒரே அளவுக்கு மூன்று இடங்களில் மூன்று விலை சொல்கிறார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: பெயர்தான் ஒன்று, பொருள் வேறு வேறு. முதல் வகை சப்ளிமேஷன். படத்தை முதலில் ஒரு தாளில் அச்சிட்டு, பாலிமர் பூச்சு ஏற்றிய அலுமினியத் தகட்டின் மேல் வைத்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடும். தகட்டின் கனம் பெரும்பாலும் 1 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். இரண்டாவது, புற ஊதா ஒளியால் மையை உலர்த்தும் யூவி அச்சு. இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த 3 மி.மீ. பலகையின் மேல் மை நேரடியாகப் படிகிறது. மை மேற்பரப்பில் நிற்பதால் கீறல் விழுந்தால் அடியில் இருப்பது தெரியும். மூன்றாவது, இரும்புத் தகட்டில் அச்சிட்டதோ, ஏதோ ஒரு தகட்டில் வினைல் ஸ்டிக்கர் ஒட்டியதோ.

மாதிரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். காந்தம் ஒட்டினால் அது இரும்பு. ஈரப்பதமுள்ள அறையில் வெட்டிய விளிம்பிலிருந்து துரு ஏறும். விளிம்பில் நகம் வைத்துத் தடவும்போது ஒரு படலம் தட்டுப்பட்டால் ஸ்டிக்கர். வெப்பத்தில் குமிழ் எழும். முகத்தை நெருங்கிப் பார்க்க மாட்டுகிற படத்துக்கு சப்ளிமேஷன் வாங்குங்கள். விலைச் சீட்டில் அச்சு முறை, தகட்டின் உலோகம், கனம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: பளபளப்புப் பூச்சா, பளபளப்பில்லாத 'மேட்' பூச்சா? வெள்ளை அடித்தளமா, வெள்ளி நிறமா?

பதில்: உருவப்படத்தில் பலரும் தவறுவது இங்கேதான். சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் அடித்தளத்தின் நிறத்தையே காட்டும். வெள்ளி நிறத் தகட்டில் நெற்றி, மூக்கு நுனி, கண்ணில் விழுந்த ஒளிப்புள்ளி எல்லாம் சாம்பல் உலோகமாகிவிடும். தோல் உயிரற்றுத் தெரியும். எண்ணெய் ஓவிய முகத்துக்கு வெள்ளை அடித்தளம்தான். டகேரோடைப் எனப்படும் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்ககாலப் புகைப்படங்களுக்கு வெள்ளி நிறத் தகடு பொருந்தும். அவை வெள்ளி பூசிய செப்புத் தகட்டிலேயே உருவானவை.

பளபளப்பில் நிறம் ஆழமாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் ரெம்பிராண்டின் ஓவியங்கள் பலவற்றில் இருண்ட பின்னணி. இருட்டின் மேல் பளபளப்புப் பூச்சு இருந்தால் அது கண்ணாடி. எதிரே உள்ள ஜன்னலும் விளக்கும் நீங்களும் அதில் தெரிவீர்கள். படம் மாட்டப்போகும் இடத்தில், அதே உயரத்தில் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். ஜன்னலோ விளக்கோ தெரிந்தால் மேட் வாங்குங்கள். கறுப்பு கொஞ்சம் வெளிறும், பரவாயில்லை, முகம் நாள் முழுக்கத் தெரியும்.

கேள்வி: படக்கோப்பை நானே தரலாமா? 60 × 90 செ.மீ. அளவுக்கு எவ்வளவு பெரிய கோப்பு வேண்டும்?

பதில்: தரலாம், தருவதே நல்லது. அங்குலத்துக்கு 200 பிக்சல் என்று வைத்தால் ஏறத்தாழ 4,700 × 7,100 பிக்சல் தேவை. தள்ளி நின்று பார்ப்பதானால் 150 போதும்: 3,550 × 5,300. இதற்குக் கீழே போனால், உலோகத்தின் வழுவழுப்பான பரப்பு குறையை மறைக்காது. நூலிழை உள்ள கேன்வாஸ் ஓரளவு மறைக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை நீங்கிய படைப்புகளின் படங்களைக் கட்டுப்பாடின்றித் தருகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பழைய புகைப்படங்கள் பல, டிஃப் (TIFF) எனும் உயர்தரப் படக்கோப்புகளாகவே கிடைக்கும். சமூக ஊடகத்தில் எடுத்த படத்தைச் செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கி அனுப்பாதீர்கள். அது இமையையும் பல்லையும் தானே கற்பனை செய்து வரையும். வரலாற்று மனிதரின் முகம் வேறு யாரோ ஆகிவிடும்.

விகிதத்தையும் கவனியுங்கள். டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துக் காதணி அணிந்த பெண்' 39 செ.மீ. அகலம், 44.5 செ.மீ. உயரம். அதை 60 × 90 தகட்டில் நிரப்பினால் அகலத்தில் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டுப்படும். அகலம் 60 என்றால் உயரம் 68.5 என்று அளவு சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

முழு ஆர்டருக்கு முன், முகப்பகுதியை மட்டும் இறுதி அளவிலேயே வெட்டி 20 × 20 செ.மீ. மாதிரி ஒன்று அடித்துப் பாருங்கள். முழுப் படத்தையும் சுருக்கி அடித்த மாதிரியில் கூர்மை தெரியாது. திரையில் பிரகாசமாகக் கண்ட பழுப்பு நிழல்கள் தகட்டில் கறுப்பாக மூழ்குவதும் இந்த மாதிரியிலேயே பிடிபடும்.

கேள்வி: லிங்கனின் கறுப்பு-வெள்ளைப் படம் பச்சை சாயலோடு வந்திருக்கிறது. கடைக்காரர் 'உலோகம் அப்படித்தான்' என்கிறார்.

பதில்: அது சரியல்ல. சாம்பல் நிறத்தைப் பல வண்ணச் சாயங்களைக் கலந்தே உருவாக்குகிறார்கள். சூடோ நேரமோ பிசகினாலும், அச்சு இயந்திரத்துக்கான நிற அமைப்பு தவறானாலும் கலவை பச்சைக்கோ ஊதாவுக்கோ சாயும். முதலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சில விளக்குகளில் மட்டும் சாயல் தெரிவதும் உண்டு. பகலிலும் பச்சை என்றால் மாற்றித் தரக் கேளுங்கள். அடுத்த முறை லேசான பழுப்புச் சாயல் ஏற்றிக் கொடுத்தால் சிறு பிசகு கண்ணுக்குத் தெரியாது, 1860களின் படத்துக்கும் அது பொருந்தும்.

இன்னொன்று: முகம் அறையின் உட்புறம் பார்க்க வேண்டும் என்பதற்காகப் படத்தை இடவலம் புரட்டாதீர்கள். பொத்தான், பதக்கம், தலைமுடி வகிடு எல்லாம் மாறிவிடும். மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த பழைய 'டின்டைப்' புகைப்படங்கள் பிறக்கும்போதே கண்ணாடிப் பிம்பம் போல் புரண்டவை. அமெரிக்கக் கொள்ளையன் பில்லி த கிட் இடக்கையர் என்று நெடுங்காலம் நம்பப்பட்டதற்குக் காரணமே அப்படி ஒரு படம்தான். முகம் சுவரைப் பார்த்தால் படத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: மாட்டுவதும் துடைப்பதும்?

பதில்: 60 × 90 அலுமினியத் தகடு சுமார் 1.7 கிலோதான். எடையைவிட, ஒற்றை ஆணியில் சாய்ந்துபோவதே தொல்லை. ரசமட்டம் வைத்து இரண்டு ஸ்க்ரூ போடுங்கள். பின்னால் ஒட்டிய கட்டை சுவரிலிருந்து தகட்டை 1 முதல் 2 செ.மீ. தள்ளி நிறுத்தினால் நிழல் விழுந்து அழகாக இருக்கும். படத்தின் நடு தரையிலிருந்து 145–150 செ.மீ. வரட்டும். நேரடி வெயில் வேண்டாம், சாயம் வெளிறும். துடைக்க, சற்றே நனைத்த மைக்ரோஃபைபர் துணி போதும். அமோனியா கலந்த திரவமும் தேய்ப்புப் பொடியும் ஆகாது. பார்சல் வந்ததும் முதலில் நான்கு மூலைகளையும் பாருங்கள். மூலை மடங்கிய தகட்டை நிமிர்த்தினால் பூச்சு வெடிக்கும். அன்றே படமெடுத்து மாற்றக் கேட்பதுதான் வழி.