உறையைப் பார்த்து ஹெல்மெட் வாங்காதீர்கள்

கேள்வி: டென்மார்க்கில் ஹேர்னிங் நகரில் இருக்கிறேன். பழைய ராணுவப் பொருட்கள் சேர்க்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. இணையத்தில் ஒருவர் "டேனிஷ் ராணுவ கெவ்லார் ஹெல்மெட், அசல்" என்று போட்டு 1,200 குரோனர் கேட்கிறார். படத்தில் பச்சையும் கறுப்புமாகப் புள்ளி போட்ட துணி உறை தெரிகிறது. வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு படத்தை நம்பி வாங்க வேண்டாம். உங்களுக்குத் தெரிவது உறை மட்டும்தான். அது எம்/84 என்ற டேனிஷ் உருமறைப்புத் துணியாக இருக்கலாம். இரண்டு பச்சை, ஒரு கறுப்பு என மூன்றே நிறம். ஜெர்மன்காரர்களின் உருமறைப்புத் துணியான ஃப்ளெக்டார்னில் ஐந்து நிறம், அதில் பழுப்பும் உண்டு, அதனால் இரண்டையும் பிரித்துவிடலாம். ஆனால் உறையைக் கழற்றி எந்த ஹெல்மெட்டுக்கும் மாட்டலாமே! நானே ஒரு தடவை இப்படி ஏமாந்தேன். பார்சலைப் பிரித்து உறையை உருவினால் உள்ளே விளையாட்டுக்கு விற்கிற பிளாஸ்டிக் ஹெல்மெட். கையில் எடுத்தபோதே எடை போதவில்லை என்று தெரிந்தது, பணத்தைத்தான் திரும்ப வாங்க முடியவில்லை.

அதனால் விற்பவரிடம் உறை இல்லாமல் படம் கேளுங்கள். உள்பக்கம், லேபிள், தாடைப் பட்டை, ஓரத்து ரப்பர், திருகு இருக்கும் இடங்கள் எல்லாம் கிட்டத்தில் தெரிய வேண்டும். தராசில் வைத்து ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாலும் தப்பில்லை. இந்த வகை ஹெல்மெட்டுகளுக்கெல்லாம் முன்னோடியான, பாஸ்கட் என்ற அமெரிக்க ராணுவ ஹெல்மெட், அளவைப் பொறுத்து சுமார் 1.4 முதல் 1.9 கிலோ வரை இருக்கும். அந்த வடிவ ஹெல்மெட்டின் எடை முக்கால் கிலோதான் என்றால் சந்தேகப்படுங்கள்.

லேபிளில்தான் விஷயம் இருக்கிறது. நேட்டோ நாடுகளின் பொருட்களில் 13 இலக்க இருப்பு எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை, உடல் கவசங்களுக்கு 8470. அடுத்த இரண்டு இலக்கம் எந்த நாடு அந்தப் பொருளைப் பதிவு செய்தது என்று சொல்லும்: டென்மார்க்குக்கு 22, ஜெர்மனிக்கு 12, பிரான்சுக்கு 14, அமெரிக்காவுக்கு 00 அல்லது 01. ஆக 8470-22 என்று தொடங்கினால் டென்மார்க்கில் பதிவான பொருள். வேறு எண் இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம், வேறு நாட்டில் தயாரானதை ஒரு ராணுவம் வாங்கும்போது அந்த நாட்டு எண்ணே இருக்கலாம். ஆனால் அப்போது 'டேனிஷ்' என்று சொல்வதற்கு விற்பவர் வேறு ஆதாரம் காட்ட வேண்டும், அதுவரை டேனிஷ் விலை கொடுக்காதீர்கள். லேபிளே கிழிந்து போயிருந்தால் விலையை நன்றாகக் குறைத்துப் பேசுங்கள்.

நேரில் பார்க்கப் போனால் ஒரு சின்ன டார்ச்சும் காந்தமும் எடுத்துக்கொண்டு போங்கள். ஓட்டில் காந்தம் ஒட்டினால் அது எஃகு; இங்கே பெரும்பாலும் அது எம்/48 என்ற பழைய டேனிஷ் ஹெல்மெட்டாக இருக்கும், அமெரிக்க எம்1 ஹெல்மெட் மாதிரி, வெளியே எஃகு ஓடு, உள்ளே தனியாக இன்னொரு ஓடு. அதுவும் சேர்க்கத் தகுந்ததுதான், ஆனால் நீங்கள் தேடுவது அது இல்லை. பெயின்ட் உதிர்ந்த இடத்திலோ திருகுத் துளையிலோ டார்ச் அடித்துப் பாருங்கள், அராமிட் (கெவ்லார் இந்த வகை நார்தான்) என்றால் மஞ்சள் நிற நார் நெய்த துணி மாதிரி தெரியும். அந்த மஞ்சளைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு நிம்மதியாகும். நிறமே ஊறிய வழுவழு பிளாஸ்டிக் தெரிந்தால் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், ஓரத்து ரப்பர் கழன்ற இடத்தில் நகத்தால் மெதுவாக அழுத்துங்கள். அடுக்குகள் பிரிந்து உப்பியிருந்தால் ஈரமோ அடியோ பட்டிருக்கிறது. அராமிட் வெயிலுக்கு ஆகாத சரக்கு, அதனால் வாங்கியதை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள்.

கடையில் இணையம் வழியாக வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, தனி ஆளிடம் வாங்கினால் அந்த 14 நாள் கிடையாது. உங்கள் ஆள் எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கிய பிறகு ஊரில் இருக்கும் அண்ணனுக்குப் பார்சலில் அனுப்பலாமா?

பதில்: சும்மா தபாலில் போட்டுவிடாதீர்கள். ராணுவத் தரத்தில் செய்த ஹெல்மெட் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது ராணுவப் பொருள் பட்டியலில் எம்எல்13 என்ற பிரிவில் வருகிறது. ஒன்றியத்துக்கு வெளியே அனுப்ப ஏற்றுமதி உரிமம் வேண்டும், பழைய பொருள், பரிசுப் பொருள் என்று சொல்வதால் அது மாறாது. உரிமம் கைக்கு வந்த பிறகு அனுப்புங்கள், அதுவரை உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.