கேஸ் கட்டு தூக்கும் மூன்று வருடம்

கேள்வி: அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். மூட் கோர்ட்டில் (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்) பரிசு வாங்கியிருக்கிறேன், ஆனால் ஒரு மனுகூடச் சொந்தமாக எழுதத் தெரியாது. சிவில் நீதிபதி ஆக வேண்டும், நேராகத் தேர்வு எழுத முடியாதாமே? மூன்று வருடம் வீண்தானா?

- ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: ஆமாம்மா, 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் மூன்று வருட வழக்கறிஞர் அனுபவத்தை மறுபடி கட்டாயமாக்கிவிட்டது. பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே அந்த வருடங்கள் கணக்கு, அதனால் பட்டம் வந்ததும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-ல் தீர்ப்பே இருக்கிறது.

வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள். என் முதல் வருடம் முழுக்கக் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு சீனியர் பின்னால் ஓடி வாய்தா வாங்கியதுதான், ஆனால் ஒரு பாட்டி பத்திரத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்து, 'இன்னிக்காவது முடியுமா கண்ணு?' என்று கேட்டபோதுதான் வாய்தா என்றால் என்னவென்று புரிந்தது. நாளைக்கு நீதிபதி இருக்கையில் உட்காரப்போகிற உங்களுக்கு அது தெரிந்திருக்கணும்.

சரி, சீனியர்? பெரிய பெயரைத் தேடாதீர்கள். கீழ்நிலை சிவில் நீதிமன்றமான முன்சீப் கோர்ட்டில் தினமும் சாட்சி விசாரிக்கிறவராக, உங்கள் கையால் மனு எழுதவைத்துத் திருத்துகிறவராகப் பாருங்கள். மாதம் எவ்வளவு தருவார் என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள், தப்பே இல்லை.