ஏரிக்குக் கீழே வீடு கட்டலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை பக்கம் ஒரு கிராமத்தில், ஏரிக்குக் கீழே 60 சென்ட் நிலம் விலைக்கு வருகிறது. வீடும் மாட்டுக் கொட்டகையும் கட்ட எண்ணம். 2024 டிசம்பர் மழையில் அங்கே இடுப்பளவு தண்ணீர் போனதாக அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். விற்பவரோ, "அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழை, இனி நம்ம காலத்துல வராது" என்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த மழை அபூர்வமானது என்பதில் சந்தேகமில்லை. ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தாலே வானிலைத் துறை அதை அதி கனமழை என்கிறது. ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. கொட்டியது. மாவட்டத்தின் ஓராண்டு மழையில் பாதிக்கும் மேல் அது. ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 20 லட்சம் லிட்டர்.

ஆனால் "நம்ம காலத்துல வராது" என்பது தவறு. நூறாண்டு மழைக்கு ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு. வந்து போய்விட்டது என்பதால் அந்த வாய்ப்பு குறைவதில்லை. 30 வருடம் அங்கே குடியிருந்தால், ஒரு தடவையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்கு இது மிக அதிகம்.

சரி, இந்த நிலத்தை எப்படி எடை போடுவது? மழையளவைவிடத் தண்ணீர் வரும் வழியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நம் பக்கத்து ஏரிகள் பலவும் தொடராக அமைந்தவை. மேல் ஏரி கோடி போனால், அதாவது நிரம்பி உபரி நீர் அதற்கான வாய் வழியே வெளியேறினால், அந்தத் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரும். மேலே ஒரு கரை உடைந்தால், மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் அடுத்த கரையில் மோதும். அதனால் உங்கள் ஏரியை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு மேலே எத்தனை ஏரி இருக்கிறது, அவற்றின் கரைகள் எப்படி இருக்கின்றன என்று நடந்தே பாருங்கள். கோடி வாயில் மண் மேடும் முள்புதரும் அடைத்திருந்தால், தண்ணீர் கரை மேல் ஏறி வழியும். மண்கரை அதைத் தாங்காது. மதகை ஒட்டி ஈரம் கசிகிறதா என்றும் பாருங்கள். பல கரைகள் பலவீனமாவது அங்கேதான்.

அப்புறம் காகிதம். கிராம வரைபடமும் புலப்படமும் (அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வாங்கி, ஓடையோ வாய்க்காலோ அந்த நிலத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். இன்று உழுது சமப்படுத்திய இடம் வரைபடத்தில் ஓடையாக இருக்கலாம். வெள்ளம் வரும்போது பழைய வழியில்தான் பாயும். பட்டாவில் நஞ்சை என்றிருந்தால் அது பெரும்பாலும் ஏரிப் பாசன நிலம். தண்ணீர் வந்து சேர வேண்டும் என்றே தாழ்வாக அமைந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் "வெள்ளம் வந்ததா?" என்று பொதுவாகக் கேட்காமல், எந்தச் சுவரில் எவ்வளவு உயரம், எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று கேளுங்கள்.

வறட்சியையும் மறக்க வேண்டாம். வெள்ளத்தைவிட அடிக்கடி வருவது அதுதான். பக்கத்து போர்வெல்களில் ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். கோடை மழையோடு இடியும் சூறைக்காற்றும் வரும். கொட்டகைத் தகரத்தை இறுக்கிக் கட்ட வேண்டும், மாட்டைத் தனி மரத்தடியில் கட்டக் கூடாது.

என் கருத்து: பயிருக்காக வாங்கலாம், குடியிருக்க வேண்டாம். அந்த 60 சென்டுக்குள்ளேயே 2024 வெள்ளக் கோடு தொடாத மேடு இருந்தால் மட்டும் வீட்டை அங்கே கட்டி, தரைமட்டத்தை அந்தக் கோட்டுக்கு மேல் குறைந்தது இரண்டடி உயர்த்துங்கள். கொட்டகையும் மேட்டிலேயே இருக்கட்டும். கட்டிய மாடு வெள்ளத்தில் தப்பாது. ஏரி கோடி போகிறது என்று கேட்டதுமே கயிற்றை அவிழ்த்து ஓட்டிவிடுங்கள். கரையில் விரிசலோ கசிவோ தெரிந்தால், எந்த நேரமானாலும் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் சொல்லுங்கள்.